ஏழாம் நம்பர் ரைபிள்

அடி அண்ணாமலை,
22-10-2002.

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மலையோரத்தில் நானும் உன் அம்மாவும் தம்பி வளவனும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி நீயும் மாப்பிள்ளை மாறனும் பேத்தி தென்றலும் அதைவிட ஒரு படி மேலாக இருக்கிறீர்கள் என்று உன் பதில் வந்து சொல்ல வேண்டும். நேற்று பௌர்ணமி. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தும் கிரிவலக் கூட்டம் குறையவில்லை, உன் அம்மா வழக்கம்போல வாசலில் சுண்டல் போட்டாள். முட்டி வலி என்று முந்தின நாள் முழுக்கப் படுத்திருந்தவள் கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடுகிறாள், கேட்டால் வலி ஜாஸ்திதான், ஆனா சுண்டலுக்கு ஊறப்போட்டாச்சே என்கிறாள். வளவனுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ கம்ப்யூட்டரில் அனுப்பிய கடிதத்தையும் படங்களையும் அவன்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தான். கறுப்பு வெள்ளையில் வந்ததால், இது துப்பாக்கியா ஒலக்கையா என்று அம்மா கேட்டாள். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, அந்த ஊர்ல புலி கிலி வருதானு கேட்டு எழுதுங்க என்றும் சொன்னாள். குறி வட்டம் போட்ட அட்டையைச் சுடுவதற்குத்தான் என்று நான் சொன்னதற்கு, அட்டை அவளை என்ன பண்ணுச்சி என்கிறாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

உன் ஆஸ்பத்திரி சிநேகிதி உன்னை ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப்போனதையும், பன்னிரண்டு வருஷம் கழித்துப் படுத்துத் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைத்ததும் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்று நீ எழுதியதையும் மூன்று தடவை படித்தேன். லைசென்ஸ் பரீட்சையையும் முடித்துவிட்டாய். சரி, எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்று நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதல் படத்தில் இருப்பது பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள். அதோடு நான் பட்டாளத்தில் எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், பார்த்ததும் எனக்கே கை ஊறியது, மரத்தின் வாகும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் அம்மாடி. அது தோளை இடிக்கும், ஒவ்வொரு தோட்டாவும் விலை ஜாஸ்தி, உன் கிளப்பில் இருப்பதோ ஐம்பது மீட்டர் ரேஞ்ச். கொசு அடிக்க உலக்கை எடுப்பார்களா? இரண்டாவது படத்தில் இருக்கிற பாயிண்ட் டூ டூவை எடு. அதுவும் பழசுதான், நீ காலேஜில் சுட்டதைப் போலவே ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டியதுதான், ஆனால் குழல் தடிமன், கட்டை நீளம், அசையாமல் நிற்கும். மாப்பிள்ளை தானாகவே தோட்டா ஏறுகிற புது மாடல் வாங்கலாமே என்றாராம். அவரிடம் நான் மரியாதையாகச் சொன்னதாகச் சொல், ஒவ்வொரு குண்டுக்கும் கையை எடுத்து போல்ட்டை இழுத்து மறுபடி படுத்து மூச்சை அடக்குகிற அந்த நேரத்தில்தான் குறியே இருக்கிறது, அவசரம் அவசரமாகச் சுடுகிறவனுக்கு அட்டை கிழியும், மார்க் வராது.

வாங்குவதற்கு முன்னால் பெண் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் பார். போல்ட்டை உருவிவிட்டு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் காகிதம் பிடிக்கச் சொல்லி, பின்பக்கமிருந்து குழலுக்குள் பார், உள்ளே வெட்டியிருக்கிற சுருள் வரிகள் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், நடுவில் கறுப்பாக வளையம் தெரிந்தால் வேண்டாம். குழலின் வாய் ஓரம் அடிபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். போல்ட்டில் வெட்டியிருக்கிற நம்பரும் உடம்பில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், வேறு வேறு நம்பர் என்றால் எவனோ எதையோ மாற்றிச் சேர்த்திருக்கிறான். கட்டையைப் பிடித்திருக்கிற திருகாணி இறுகி இருக்கிறதா பார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் விரல் வைத்துச் சுடுகிற குதிரையை நாலு தடவை இழுத்துப் பார்க்கக் கேள், விரல் கனத்துக்கே விடுபடுகிற குதிரையும் ஆகாது, ஏற்றம் இறைக்கிற மாதிரி இழுக்க வைக்கிற குதிரையும் ஆகாது. குறிபார்க்கிற கண்ணாடிக் குழாய், அதுதான் ஸ்கோப், அதை மாட்டுவதற்காகப் பழைய இரும்பில் துளை போடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. துளை போடாமல் மாட்டுகிற பிடி கிடைக்கும், நீ அனுப்பிய படத்தில் அதற்கான தடம் மேலேயே தெரிகிறது. மாட்டினபிறகு கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலு விரல் இடைவெளி விடு, ஒட்டிப் படுத்தால் புருவம் கிழியும், என் இடது புருவத்துத் தழும்பு உனக்கே தெரியும்.

இப்போது அந்த ஸ்கோப். இருபத்துநாலு மடங்கு பெரிதாகக் காட்டுகிறதைத்தான் வாங்கப்போகிறேன், ஏனென்றால் எனக்குத்தான் குறிபார்க்கிற கண் கிடையாதே, உங்களுக்குத் தெரியாதா அப்பா என்று எழுதியிருக்கிறாய். கிளப்பில் அன்றைக்குச் சுட்ட அட்டையைக்கூடப் போய்ப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைப் படித்தபிறகு சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டேன். அம்மா அஜீரணம் என்று நினைத்து மோர் கொடுத்தாள். போனில் பேசலாம் என்று இரண்டு தடவை எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன், கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் நிற்கும்போது சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். துப்பாக்கி சமாசாரத்தை முதலில் எழுதி முடித்ததும்கூட இதைத் தள்ளிப்போடத்தான்.

தொண்ணூறாம் வருஷம் ஆடி மாதம் நடந்த துப்பாக்கி சுடுகிற செலக்‌ஷனை நினைத்துப் பார். நான் உங்கள் காலேஜ் என்.சி.சி.யில் ஸ்டோர் கீப்பர், துப்பாக்கி அறைச் சாவி என் இடுப்பில். மெட்ராஸ் கேம்ப்புக்கு ஒரே ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும், எட்டுப் பெண்கள், எட்டு ரைபிள். நம் ரேஞ்ச் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். மலையைத் தடுப்பாக வைத்துச் சுட்டால் மண்மேடே கட்ட வேண்டியதில்லை, ஆனால் அண்ணாமலையாரைப் பார்த்துத் துப்பாக்கி நீட்ட இந்த ஊரில் யாருக்கு மனசு வரும், அதனால் மலைக்கு முதுகு காட்டிக் கிழக்கே மேடு போட்டார்கள். காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், குழல் முனையில் இருக்கிற முன் சைட் மின்னிக் குறியைக் கெடுக்கும். அதற்காகத்தான் கற்பூரம் கொளுத்தி அந்தப் புகைக்கரியை முன் சைட்டில் நான் ஏற்றிக் கொடுப்பேன், நீகூட மூக்கை உறிஞ்சி, கோயிலுக்கு வந்த மாதிரி இருக்குதுப்பா என்பாய். அன்றைக்கும் எட்டு ரைபிளுக்கும் கரி ஏற்றினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

யாருக்கு எந்த ரைபிள் என்பதற்குத் திருவுளச்சீட்டு போட்டோம். உனக்கு மூன்றாம் நம்பர் வந்தது. அந்த எட்டில் அதுதான் தங்கம். உன்னோடு படித்த சரசுவுக்கு ஏழாம் நம்பர். அந்த ஏழு, முந்தின மாதம் லாரியில் ஏற்றும்போது கீழே விழுந்து பின் சைட் நகர்ந்துபோனது, எங்கே குறி வைத்தாலும் இடது பக்கம் கீழே போய் அடிக்கும். சரிபார்க்க அனுப்ப வேண்டும் என்று எழுதிவைத்திருந்தேன், அனுப்பவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ மூன்றை எடுக்கக் கை நீட்டினபோது பியூன் காசி சிரித்துக்கொண்டே, சாவி அப்பன் இடுப்புல, நல்ல துப்பாக்கி பொண்ணு கையில, சாமிகூட ஆள் பார்த்துத்தான் சீட்டு குடுக்குது என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், பாவம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் கைநீட்டாமல், சிபாரிசு கேட்காமல் காப்பாற்றின பேர் ஒரு காலையில் போய்விடுமோ என்று பயந்தேன். உன் கையிலிருந்து மூன்றை வாங்கிச் சரசுவிடம் கொடுத்தேன், அவளுடைய ஏழாம் நம்பரை உன்னிடம் கொடுத்தேன். நீ ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஏழு இடது கீழே போகும் என்று உனக்கு மெதுவாகச் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொன்னால் மகளுக்குத் துப்புக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். பழுதான ரைபிளை யார் கைக்கும் கொடுக்காமல் ஓரமாக வைத்துவிட்டு ஏழு ரைபிளை வைத்து முறை போட்டுச் சுடவைத்திருக்கலாம் என்பது அன்று சாயங்காலம்தான் புத்தியில் வந்தது. சொந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்தால் அது நியாயம் ஆகிவிடும் என்று நினைக்கிற முட்டாள்கள் நம் ஊரில் நிறைய, அதில் உன் அப்பன் ஒருவன்.

அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தவனும் நான்தான். என்.சி.சி. ஆபீசர் ராமகிருஷ்ணன் சார் மார்க்கை மட்டும் கூட்டிப் படித்தார், ஐந்து குண்டுக்கு ஐம்பது மார்க்கில் சரசு முப்பத்தெட்டு, நீ பத்தொன்பது. அட்டையை உங்கள் யாருக்கும் காட்டவில்லை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, எனக்குக் கண்ணு சரியில்ல போலருக்குப்பா என்று சொன்னாய். நான் திரும்பிப் பார்க்காமல், இருக்கும்மா, எல்லாருக்கும் எல்லாம் வராது என்றேன். ரைபிளை மாற்றினதைக்கூட ஒரு நிமிஷத்து பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், இந்த வார்த்தைக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. போலீஸ் எஸ்.ஐ. வேலைக்கு நீ வாங்கி வைத்திருந்த அப்ளிகேஷன் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே பழுத்துப்போனது. கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் நீ நம்பவில்லை. அப்புறம் நர்ஸ் படிப்பு, நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை என்று எல்லாம் வந்ததும், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை நீ எழுதினதைப் படித்த பிறகுதான் தெரிந்தது, நீ அந்த வார்த்தையை மூட்டை கட்டி வெளிநாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய் என்று.

அந்த அட்டையை நான் எறியவில்லை. பட்டாளத்தை விட்டு வந்தபோது கொடுத்த என் டிஸ்சார்ஜ் புக்குக்குள் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. அதை இதோடு வைத்திருக்கிறேன். மார்க்கைப் பார்க்காதே, ஓட்டைகளைப் பார். குண்டுகள் போய் விழுகிற இடம் நடுவை விட்டுத் தள்ளியிருந்தால் அது சைட்டின் குற்றம், திருகி நகர்த்தினால் சரியாகிவிடும். ஐந்து குண்டும் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்திருக்கிறதா என்பதில்தான் சுட்டவரின் கண்ணும் மூச்சும் விரலும் இருக்கிறது, அதை எந்தத் திருகாணியும் சரிசெய்ய முடியாது. உன் ஐந்தும் இடது மூலையில் கூடு கட்டின மாதிரி இருக்கிறது. சரசுவின் முப்பத்தெட்டு அட்டை முழுக்க இறைந்து கிடந்தது. நான் பட்டாளத்தில் எத்தனையோ பேருக்கு அட்டை கழற்றியிருக்கிறேன், வெயில் கண்ணில் அடிக்க, கோணல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இப்படி அடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆகையால் இருபத்துநாலு மடங்கு வேண்டாம். அவ்வளவு பெரிதாகக் காட்டினால் உன் நாடி துடிக்கிறதுகூட அட்டையில் ஆடும், அதைப் பார்த்துப் பயந்து குதிரையைப் பிடுங்குவாய். நாலு மடங்கு போதும், மெல்லிய குறுக்குக் கோடு உள்ளதாகப் பார்த்து வாங்கு. முதலில் ஐந்து குண்டு சுட்டுவிட்டு நீயே நடந்துபோய் அட்டையைப் பார், அதன் பிறகு ஸ்கோப்பைத் திருகு. வேறு யாரையும் அட்டை எடுத்துவரச் சொல்லாதே, அப்பனாக இருந்தாலும்.

அடுத்த மாதம் தீபம், உன் பேருக்கும் நெய் கொடுக்கிறோம். தென்றல் பல் விழுந்த படத்தை அம்மா கேட்கிறாள், மறக்காமல் அனுப்பு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ரேஞ்சிலும் காதை மூடிக்கொள். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் பேத்தி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், வைத்த குறி தப்பாமல் நூறு வருஷம் வாழ அண்ணாமலையார் துணையிருப்பார். அம்மாவிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை, உன் பதில் வந்தபிறகு சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
சுப்பன், ஹவில்தார் (ஓய்வு).

பின்குறிப்பு: அந்த ஊரில் எட்டணாக் காசுக்கு எங்கே போவாய் என்று, அட்டையின் முதுகில் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். பிய்த்தெடுத்து அந்த ஐந்து ஓட்டைகளின்மேல் வை, ஐந்தும் மறையும். நான் பார்த்துவிட்டேன், நீதான் இன்னும் பார்க்கவில்லை.