வாசல் இல்லாத பூங்கா

மார்ச் 4, செவ்வாய்

குழாய்க்காரர் இன்றும் வரவில்லை. சமையலறைத் தொட்டி சொட்டிக்கொண்டே இருக்கிறது.

மகள் அரை நாள் விடுப்புப் போட்டு, என் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்து நகர நடுவில் திறந்திருக்கும் புதுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். என்னையும் கூப்பிட்டாள். என்ன தைரியம்! என் கடையை இடித்துக் கட்டிய பூங்கா அது. பையும் குடையும் பழுதுபார்க்கிற கடை. எவரிடமும் போய்த் தொழில் கற்கவில்லை. ஓட்டைத் தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி நானாகக் கற்றது. இடித்த அன்றே நகராட்சிப் பொறியாளர் முகத்துக்கு நேரே சொன்னேன், உங்கள் பூங்கா வாசலை என் கால் மிதிக்காது என்று. சொன்னால் சொன்னதுதான்.

‘எல்லாருக்குமான பூங்கா’ என்று பலகை வைத்திருக்கிறார்களாம். அந்த எல்லாரில் நான் உண்டா, இல்லையா? முதலில் அதைச் சொல்லட்டும்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி போனார்கள். படியே கிடையாதாம், நாற்காலி வழுக்கிக்கொண்டு போகிறதாம். போகட்டும்.

சாப்பிடும்போது மகள் சொன்னாள்: “அப்பா இன்னைக்கு நல்லாப் பேசினாரும்மா.”

எனக்குக் கை நின்றுவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. கை கொஞ்சம் வசத்துக்கு வந்தது. கால் வரவில்லை, வார்த்தை வரவில்லை. இந்த வீட்டில் அவருக்கு வாய் நான்தான். பசியா, முதுகு வலியா, ஜன்னலைச் சாத்தணுமா, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படியிருக்க யாரிடம் பேசினார்? என்ன பேசினார்?

சதுரங்க மேசையில் ஒரு பழைய பஸ் டிரைவரோடு, பஸ்ஸைப் பற்றி என்றாள். இவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். இவருக்கும் பஸ்ஸுக்கும் என்ன?

மார்ச் 8, சனி

நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

வெளியே நின்று பார்ப்பதில் தவறில்லை என்று போனேன். பஸ் நிறுத்தத்தைத் தாண்டித் தெருவோரத்தில் ஒரு கல் பெஞ்சு. அங்கிருந்து எல்லாம் தெரிகிறது. அலுவலகத்துப் பெண்கள் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார்கள். சக்கர நாற்காலியோடு ஏறுகிற ஊஞ்சல் ஒன்று, அதற்கு வரிசை. கிழவர்கள் கையைத் தூக்கி இறக்கி ஏதோ பயிற்சி.

அவர் பந்தலுக்குக் கீழே இருந்தார். எதிரே கறுப்புக் கண்ணாடி போட்டவர், காய்களை விரலால் தடவித் தடவி ஆடுகிறார். கண் தெரியாது போல. இவருடைய உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

பேசுகிறார். நிஜமாகவே பேசுகிறார். அப்போ வீட்டுல என்ன? நான் என்ன குறை வெச்சேன்?

மார்ச் 14, வெள்ளி

அதே பெஞ்சு. நீலக் கோட்டுப் போட்டுப் பெருக்குகிற பெண் வந்து, “பூங்கா பெஞ்சு உக்கார வசதியா இருக்கா பெரியம்மா?” என்றாள். நான் பூங்காவில் இல்லை, தெருவில் இருக்கிறேன் என்றேன். சிரித்தாள்.

“இதுவும் பூங்காதான். பஸ் ஸ்டாப்புலேர்ந்தே ஆரம்பம்.”

அப்படியானால் வாசல் எங்கே என்று கேட்டேன். வாசலே வைக்கவில்லையாம். மதில் இல்லை, கம்பி இல்லை. யார் எந்தப் பக்கம் வந்தாலும் வரலாமாம்.

வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் வாசல் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் சொல் தவறிவிட்டதா, தவறவில்லையா? வழியெல்லாம் யோசித்தேன். இதிலும் என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

வாசல் இல்லையென்றால் மிதிக்கவும் இல்லை. ஆகவே இன்று நேரே மேசைக்கே போனேன்.

கறுப்புக் கண்ணாடிக்காரர்தான் அந்த டிரைவர், ஓய்வுக்குப் பிறகு பார்வை போனதாம். அவருக்கு அங்கே ‘பிரேக்கு’ என்று பெயர். ஒவ்வொரு காயை நகர்த்தும் முன்னும் அப்படி யோசிப்பாராம். நேற்று ஏன் வரவில்லை என்று இவரிடம் கேட்டார். தலைவலி என்றேன். முதல் ஆட்டம் யாருடையது என்றார். உங்களுடையதே இருக்கட்டும் என்றேன். அந்த மனுஷன் காயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இவரு வண்டி ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுக்குள்ள நீங்க இறங்கித் தள்ள ஆரம்பிச்சிடுறீங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அது போகட்டும். இவரும் சிரித்தார்.

யாரோ ஒருத்தர் எனக்குப் புருஷனைப் பத்திச் சொல்லித் தர்றதா? குளிப்பாட்டி விடுறது யாரு? ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கிறது யாரு? வந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

யாரோடும் பேசவில்லை. முக்கியமாக அவரோடு. தெரியட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைந்தது. தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. வீம்பு. ஒரு போர்வை, இரண்டு துண்டு, தலையணை உறை எல்லாம் மடித்து முடித்தும் அந்த உதடு ஓயவில்லை.

“கோ... கோவமா?”

தண்ணீர் கேட்கவில்லை.

ஆமாம் என்றேன். இவ்வளவு நாளும் இவர் கேட்க வந்ததற்கெல்லாம் நான் தண்ணீரைக் கொடுத்துவிட்டேனா? எல்லாமே அப்படி இல்லை. சிலது தண்ணீராகத்தான் இருந்திருக்கும். எது, எது? எப்படித் தெரியும் எனக்கு?

மார்ச் 22, சனி

அவரை நானே தள்ளிக்கொண்டு போனேன். பிரேக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன், அவ்வளவுதான். என் கடையை இடித்தது அநியாயம். அதில் மாற்றம் இல்லை. மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, இவர் பேச்சு காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த வண்டி எந்த வழியாகப் போனது என்று. அச்சகத்துக்குப் பஸ்ஸில்தானே போய்வந்தார். எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

குழாய்க்காரர் வந்து போனார்.

சாயங்காலம் மகள் சமையலறையிலிருந்து, “அப்பாவுக்கு டீதானேம்மா?” என்று வழக்கம்போல என்னைக் கேட்டாள்.

“என்னை எதுக்குக் கேக்குறே? அவரைக் கேளு.”

வந்து அவர் முன்னால் நின்றாள். டீதான். எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து டீ குடிக்கிறவர். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“பா... பால்.”

சர்க்கரை எவ்வளவுப்பா என்று கேட்டாள். வாய்வரை வந்த பதிலை நான் விழுங்கிக்கொண்டேன்.