தோல் உரித்த பட்டாணி

அன்புள்ள வாலுக் குட்டிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மற்றதை நாம் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டாம். அப்பா போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் நீ அழுகிறாய், எனக்கு அழுகை வருவதில்லை, அது உனக்கு வருத்தமாக இருக்குமோ என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன், துணி மடிக்கிறேன். கைகள் யாருடையவையோ போலத் தம் பாட்டுக்கு வேலை செய்கின்றன.

மீன் தொட்டியைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டிருந்தாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து தன் ஆபீஸ் வரவேற்பறைக்கு எடுத்துப்போவதாகச் சொன்னார், நானும் சரி என்றேன், அப்போது யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்குள் மேனேஜர் படுத்துவிட்டான். ஆளுக்கு முன்னால் தொப்பை வருகிறது என்று அப்பா தன் ஆபீஸ் மேனேஜரின் பட்டத்தை வைத்தாரே, அந்தக் கிழட்டுத் தங்கமீன்தான். வயிறு ஊதி, ஒருக்களித்து, நீரின் மேலேயே மிதந்தான். விசாரித்தால், வீடு நிறைய ஆட்கள் இருந்த நாட்களில் ஆளாளுக்குத் தீனி போட்டிருக்கிறார்கள். பெரியம்மாவைக் கேட்டால், "வாயில்லா ஜீவன், யாருமே கவனிக்கலையேன்னு நான்தான்டி போட்டேன்" என்கிறாள். சித்தப்பாவும் அதையே சொல்கிறார், எதிர்வீட்டு டெய்லரும் அதையே சொல்கிறார். என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்களெல்லாம் தொட்டிப் பக்கம் போய் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எல்லாம் டப்பாவில் இருக்கும் காய்ந்த உருண்டை, வயிற்றுக்குள் போய் ஊறிப் பெருத்துவிட்டது.

அப்பா சனிக்கிழமைதோறும் அந்த டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பச்சைக் காய்கறி ஏதாவது கொடுப்பார், நினைவிருக்கும். அடியில் மேயும் கறுப்பனுக்கு வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தி இறக்குவார், மற்றவற்றுக்கு வெந்நீரில் வாட்டிய கீரை, மேனேஜருக்கு வேகவைத்த பட்டாணி, அதுவும் ஒவ்வொன்றாகத் தோல் உரித்து. மிச்சம் கிடந்தால் தண்ணீர் கெடும் என்று அன்றே அள்ளியும் விடுவார். "எனக்கு ஒரு நாளாவது ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்திருக்கீங்களா" என்று நான் குத்திக்காட்டினால், "உனக்குப் பல்லும் இருக்கு, நாக்கும் இருக்கு, அவன் பாவம், கேட்டு வாங்கத் தெரியாதவன்" என்பார்.

இரண்டு நாள் மேனேஜரைப் பட்டினி போட்டுவிட்டுப் பட்டாணி வேகவைத்தேன். அவசரத்தில் முதல் பட்டாணியைத் தோலோடு போட்டேன், கவ்வி, துப்பிவிட்டான். பிறகு உட்கார்ந்து உரித்தேன். சூட்டில் விரல் நுனி எரிந்தது, எரிவது தெரிந்தது என்பதே எனக்கு அன்றைக்குப் பெரிய செய்தி. சாய்ந்தபடியே வந்து நசுக்கிய பருப்பை வாங்கிக்கொண்டான். இன்று கொஞ்சம் நேராக நீந்துகிறான், பிழைப்பானா என்று இன்னும் சொல்ல முடியாது. கிண்ணத்தில் மீதி இருந்ததைத் தோலோடு நானே தின்றேன். எனக்குத்தான் பல் இருக்கிறதே.

தொட்டியைக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அவ்வளவுதான். நீயும் பொட்டலத்தில் வருவதையே தின்றுகொண்டிருக்காதே, இடையில் ஒரு நாளாவது பச்சையாக எதையாவது நறுக்கிச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு, கண்ணே. மறக்காமல் ஒன்று செய், ஞாயிறு வேன் வேண்டாம் என்று சித்தப்பாவிடம் நீயே சொல்லிவிடு, நான் பேசினால் மறுபடியும் சரி என்று சொல்லிவிடுவேன்.

உன்,
அம்மா