மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டது

அன்பு மகள் நிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லியோனில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அல்லாஹ்வின் காவலில் நலமாயிருக்க துஆ செய்தபடி அத்தா எழுதுகிறேன். இங்கே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிவலி பழையபடிதான், தூக்கம்தான் சரியில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல நாலைந்து முறை முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அம்மா மௌத்தானதிலிருந்து ஏழு மாதமாக மாடிக் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன், அவள் வைத்த வெண்டையும் கத்தரியும் மண் பைகளிலேயே காய்ந்து நின்றன. பூட்டியும் பயனில்லை. மதியம் தையல் மெஷினில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே வாளியை இழுக்கிற சத்தம் கேட்கும். பக்கத்து மாடியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், ஆனால் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. அப்போதுதான் கருவடிக்குப்பத்திலிருந்து செந்தமிழ்ச்செல்வியும் அவளுடைய நாத்தனார் ஜெயசித்ராவும் வந்தார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் காய்கறி வளர்க்கக் கற்றுக்கொடுப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், மௌத்தானது தெரியாது. நான் சொன்னதும் செந்தமிழ்ச்செல்வி, "தெரியாம வந்துட்டோம் பாய், மனசுல வச்சிக்காதீங்க" என்று திரும்பினாள். ஜெயசித்ரா நகரவில்லை. "நாலு தடவ தக்காளி வச்சேன் பாய், நாலும் அழுவிப்போச்சி, உங்களுக்கு எதனா தெரியுமா" என்று கேட்டாள். இருபது வருஷம் கீழே உட்கார்ந்து அம்மாவின் பாடத்தைக் கேட்டவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, சாவியை எடுத்தேன். மேலே போய் விசாரித்ததில், ஜெயசித்ரா பைக்கு அடியில் ஓட்டை போடாமல் வைத்திருக்கிறாள், தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கிறது. செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மக்கிய எருவும் சமமாகக் கலக்கச் சொன்னேன், மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடச் சொன்னேன். எல்லாம் அம்மாவின் வார்த்தைகள், அவள் இழுத்துப் பேசுகிற அதே மாதிரி என் வாயிலிருந்து வந்தன. இப்போது ஞாயிறுதோறும் ஆறு பேர் வருகிறார்கள்.

போன ஞாயிறு அவர்களைக் கத்தரி நாற்று நடச் சொல்லிவிட்டு ஒரு ஜாக்கெட்டை முடிக்கக் கீழே வந்தேன். மேலேயிருந்து செந்தமிழ்ச்செல்வி, "கொஞ்சம் மேல வாங்களேன்" என்றாள். எவ்வளவு ஆழம் நடுவது என்று கேட்கத்தான். நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள், என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவர்களிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

அம்மா விழுந்த அன்று என்னைக் கூப்பிட்டாள் நிதா. "என்னாங்க, கொஞ்சம் மேல வாங்க" என்று இரண்டு முறை. வாளி தூக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கையில் ஒரு சட்டைக் காலர், "வர்றேன் இரு" என்று சொல்லிவிட்டு அதை முடித்தேன், பட்டனும் தைத்தேன். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். நான் ஏறியபோது தக்காளிப் பைகளுக்கு நடுவே கிடந்தாள். விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று உங்களிடம் சொன்னேனே, அது உண்மையா என்றே எனக்குத் தெரியாது. டாக்டரிடமும் நேரத்தை மாற்றித்தான் சொன்னேன். முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றும் அவள் கூப்பிடுகிறாள். சாவி இப்போது பூட்டிலேயே இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் இல்லை. உன் பால்கனியில் கொத்தமல்லி முளைக்கவில்லை என்றாயே, விதையை முழுசாகப் போடாமல் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடு, குளிர் விடும்வரை தொட்டியை ஜன்னலுக்கு உள்பக்கம் வை. குளிரில் பேத்தியின் காதை மூடிக் கூட்டிப்போ.

வருகிற வெள்ளி ஜும்மா தொழுகை முடிந்ததும் உன் அண்ணன் ஷாரிக் இங்கே வருவான். கதவைச் சாத்திவிட்டு அவனிடம் நானே நேரில் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவனுக்கும் தெரிந்திருக்கும். முதலில் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். என்னிடம் பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத்தையும் மனநிம்மதியையும் தரட்டும்.

உன் அத்தா,
சிராஜுதீன்
புதுச்சேரி