வெற்றுப் படிவம்

பிளெய்ன்ஸ்பரோ,
19 நவம்பர் 1984

என்னவருக்கு,

டெக்சாஸிலிருந்து நீங்கள் அனுப்பிய பிளானோ அபார்ட்மென்ட் வாடகைப் படிவம் வந்தது. என் பகுதியையும் நீங்களே நிரப்பிவிட்டீர்கள். வேலை என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருக்கிறது. நான் இன்றும் லேப் வேலைக்குப் போய்வந்தேன்.

வாக்காளர் பதிவுப் படிவத்திலும் இப்படித்தான் உங்கள் கட்சியையே எனக்கும் டிக் செய்தீர்கள். துணை ஜனாதிபதிக்கு ஒரு பெண் நிற்கிறாளே என்று மாற்றி ஓட்டுப் போட்டேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றீர்கள். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே டெக்சாஸுக்குப் புது வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

உங்கள் ஐந்தரை மணி அலாரத்தை நான் இன்னும் மாற்றவில்லை. நீங்கள் இங்கே வழக்கமாக ஏறும் ரயில் போகிற நேரம்வரை விழித்தே படுத்திருக்கிறேன்.

வெற்றுப் படிவம் ஒன்று அனுப்புங்கள். நானே நிரப்பி, கையோடு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

எதிர்க்கட்சியானாலும்,
உங்களவள்