எது கேட்டாலும் சரி

புதன், இரவு

படுத்தும் தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன்.

மில் லேப்டாப்புகளுக்கு இன்று புது ஆன்ட்டிவைரஸ் போட வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். ராஜபாளையம் ஆபீசில் இருந்த ஐந்திலும் பழையதை எடுத்துவிட்டு, விற்ற கம்பெனி மெயிலில் கொடுத்த லிங்க்கிலிருந்து நானே ஏற்றினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் ஒன்று பாக்கி. மணி பதினொன்றே முக்கால். லிங்க்கைத் தேடி அனுப்பப் பொறுமையில்லை. அங்கிருக்கும் செல்வி அக்காவுக்குப் போன் செய்து, "நெட்ல பேரப் போட்டு முதல்ல வாரத இறக்குங்க. எது கேட்டாலும் சரி குடுங்க" என்றேன்.

சாயங்காலம் அக்கா திரையைப் படமெடுத்து அனுப்பினார். நான் மற்ற ஐந்தில் போட்டது அப்படி இருக்காது; இது ஏதோ போலி. உடனே கூப்பிட்டேன்.

"போடும்போது என்னக்கா கேட்டுச்சு?"

"வெளிய இருந்து லேப்டாப்ப இயக்கலாமான்னு கேட்டுச்சு தம்பி. குடுத்துட்டேன். நீங்கதான சொன்னீக."

நெட்டைத் துண்டித்து லேப்டாப்பை அணைக்கச் சொன்னேன். அக்கா பயந்துவிட்டார். காலையில் நேரில் வாரேன் என்று மட்டும் சொன்னேன். மத்தியானம் முழுக்க யார் உள்ளே இருந்தார்களோ. சரக்கு வாங்கும் பார்ட்டிகளின் விவரம், மெயில் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான்.

நாளை முதலாளியிடம் சொல்ல வேண்டும். "ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சியாலே?" என்றுதான் முதலில் கேட்பார்.

முடித்துவிட்டேன். ஐந்து நிமிடம் மிச்சமே இருந்தது.