பலாச்சுளையா, ரோஜாப்பூவா?

எப்போதும் வலைக்கு அந்தப் பக்கமே நின்ற என் லூர்துவுக்கு,

உன் வீட்டில் வைத்த முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போய்விட்டு நேற்றுதான் ஓசூர் திரும்பினேன். உன் மகள் பொம்மிடி பஸ் ஸ்டாண்டுவரை வந்து, ஒரு பையில் தக்காளி, ஒரு பையில் கடலைக்காய் என்று கட்டி என் மடியில் வைத்தாள். “அம்மா இருந்தா இதத்தான் பண்ணியிருப்பாங்க பெரியம்மா” என்றாள். நீ இருந்திருந்தால் கூடவே ஒரு திட்டும் வந்திருக்கும். அது மட்டும்தான் குறை.

இப்போது நான் அழுவதற்காக எழுதவில்லை. அழுது முடித்துவிட்டேன். உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். நம்மோடு மைதானத்தில் ஆடிய செல்வராணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளடி, கள்ளி!

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், நீ கொட்டாவி விட்டுக்கொள்.

நம் கான்வென்ட் பள்ளி மைதானத்தில் ஆள் பிரிப்பது உத்தியில்தான். இரண்டு கேப்டன்கள் தனியாக நிற்பார்கள். மற்றவர்கள் அவரவருக்குச் சமமாக ஆடுகிற ஒருத்தியோடு தோள்மேல் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். வந்து நின்று, முறை வருகிற கேப்டனிடம் “கிளி வேணுமா, மயில் வேணுமா?” என்று கேட்க வேண்டும். கேப்டன் கிளி என்றால் கிளி அவள் பக்கம், மயில் எதிர்ப்பக்கம். யார் கிளி, யார் மயில் என்பது கேப்டனுக்குத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் தலையெழுத்தைப் பார். த்ரோபாலில் நீயும் நானும் சமம். சமம் என்பதால் எப்போதும் ஜோடி. ஜோடி என்பதால் எப்போதும் எதிரெதிர்ப் பக்கம். ஆறாம் வகுப்பில் என் தோள்மேல் விழுந்த உன் கை பன்னிரண்டாம் வகுப்புவரை இறங்கவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் ஒருநாள்கூட நாம் ஒரே பக்கம் ஆடவில்லை.

ஒருமுறை உன் பக்கம் வரும் ஆசையில், பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற ஒரு பெண்ணோடு நான் ஜோடி போட்டு வந்தேனே, நினைவிருக்கிறதா? “கள்ள உத்தி! கள்ள உத்தி!” என்று மைதானமே கத்தியது. எல்லோரையும்விட நீதான் அதிகமாகக் கத்தினாய். “உத்தியில திருட்டுத்தனம் பண்ணா உண்ட சோறு ஒட்டாதுடி” என்றாய். பெரிய நீதிபதி! அந்த வார்த்தையை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் உனக்கே திருப்பித் தருகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஓசூரில் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் பெண்களுக்கென்று த்ரோபால் டீம் இருந்தது. டீமில் ஓர் இடம் காலி என்று நம் பள்ளிக்கு ஆள் அனுப்பினார்கள். எடுக்கப்படுகிற பெண்ணுக்கு ஃபேக்டரியில் வேலை, தங்க ஹாஸ்டல். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நம்மையெல்லாம் பி.டி. சிஸ்டர் திரும்பக் கூப்பிட்டார்.

எடுக்கப்படாத பெண்ணுக்கு என்ன என்பதும் நமக்குத் தெரியும். எனக்கு வீட்டில் தாய்மாமன் காத்திருந்தார். உனக்கு உன் அப்பா மாப்பிள்ளையே பார்த்து வைத்துவிட்டார், அறுப்பு முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது என்று முடிவு. “மாட்டுக்குக்கூடப் பல்லப் புடிச்சுப் பாக்கறாங்க, என்னை ஒரு வார்த்த கேக்கலடி” என்று நீ சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நீ எதைச் சிரிக்காமல் சொல்லியிருக்கிறாய்?

வந்தவர் பெங்களூர்ப் பக்கத்து மனிதர். தலையில் தொப்பி, வாயில் பாதி கன்னடம் பாதி தமிழ். வேப்பமரத்தடியில் நம்மை வரிசையாக நிற்க வைத்தார். “நீங்களே டீம் பிரிச்சு ஆடுங்கம்மா. கேப்டன் யாரை ஃபர்ஸ்ட் எடுக்கிறாளோ, அவதான் பெஸ்ட் பிளேயர். தினம் கூட ஆடறவளுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப் போவுது? கொத்தாய்த்தா?” என்றார். புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினோம். அவர் ஊரில் கேப்டன் ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லி எடுப்பாள் போலிருக்கிறது. நம் ஊரில் உத்தி என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. எங்கும் அப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“போயித் தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்றார் சிஸ்டர். எல்லோரும் குழாயடிக்கு ஓடினோம். அன்று உன் கான்வாஸ் ஷூவைப் பார்த்து நான் கேலி செய்தேன். சாக்பீஸ் தேய்த்துத் தேய்த்து வெள்ளைவெளேர் என்று ஆக்கியிருந்தாய். “என்னடி, மொத நற்கருணை வாங்கற கொழந்தையாட்டம் புதுநன்மைக்குப் போறியா?” என்று கேட்டேன்.

அன்றைக்கு முதலில் ஆள் கேட்கும் கேப்டன் செல்வராணி. அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிளியா லட்டா என்றால் லட்டு என்பாள். சூரியனா சுண்டலா என்றால் சுண்டல் என்பாள். ஏழு வருஷத்தில் ஒருநாளும் அவள் வயிறு அவளைக் கைவிட்டதில்லை. இது மைதானத்துக் காக்கைக்கும் தெரியும்.

நாம்தான் முதல் ஜோடி. தோள்மேல் கை போட்டுக்கொண்டு கோயில் சுவர்வரை போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “நீ பலாச்சுள, நானு ரோஜாப்பூ.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வராணி எதைக் கேட்பாள் என்று தெரிந்தே எனக்குக் கொடுக்கிறாயா? “லூர்து, வேணாம்டி” என்றேன். “வாடி பேசாம” என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தாய்.

“பலாச்சுள வேணுமா, ரோஜாப்பூ வேணுமா?”

செல்வராணி நம் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “பலாச்சுள” என்றாள்.

நான் அவள் பக்கம் போனேன். தொப்பிக்காரர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். நீ குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாய். ரொம்ப நேரம் கட்டினாய். அப்புறம் ஆட்டம் நடந்தது. வழக்கம்போல் நீ எறிந்ததை நான் பிடித்தேன், நான் எறிந்ததை நீ பிடித்தாய். “ரெண்டு பேரும் ஒண்ணுதான், ஆனா கேப்டன் இவளைத்தானே ஃபர்ஸ்ட் எடுத்தா” என்று சொல்லி அவர் என்னைக் கைகாட்டினார். செல்வராணி பதறிப்போய், “சார், நான் பலாச்சுளையத்தாங்க கேட்டேன், இவளக் கேக்கலிங்க” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பசியில் பேசுகிறாள் என்று நினைத்து, அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வழியனுப்ப நீயும் வந்தாய். பஸ் புறப்படுகிற நேரத்தில் அந்தக் கான்வாஸ் ஷூவைக் கழற்றி எனக்கு மாட்டி, நீயே குனிந்து லேஸ் கட்டினாய். எனக்கு அளவு பெரிது. முன்பக்கம் துணி அடைத்துக்கொண்டு அதில்தான் முதல் வருஷம் முழுக்க ஆடினேன். நீ வெறுங்காலோடு பொம்மிடி திரும்பினாய்.

அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பிகள் படித்தார்கள். கட்டிக்கொள்ளப்போகிறவரை நானே பார்த்து, பேசி, பிடித்த பிறகு சரி என்றேன். இதெல்லாம் லூர்து எனக்கு விட்டுக்கொடுத்த வாழ்க்கை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உன்னிடமே எத்தனை தடவை கேட்டேன், “ஏண்டி எனக்குக் கொடுத்த?” என்று. “அப்ப எனக்குப் பசிடி, வாயில பலாச்சுளதான் வந்துச்சு” என்பாய். தியாகம் செய்தவள் அடக்கமாகப் பேசுகிறாள் என்று நான் உருகிப்போவேன்.

ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து இதையேதான் சொன்னேன். உன் வீட்டுக்காரர், பாவம் அண்ணன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பங்குச் சாமியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வராணி மட்டும் இலையில் கை வைக்கவே இல்லை. செல்வராணி சாப்பிடவில்லை என்றால் உலகத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தமில்லையா? இப்போது அரூரில் சொந்தமாக மெஸ் நடத்துகிறவள் அவள். பின்னால் கைகழுவுகிற இடத்தில் என்னை மடக்கினாள்.

“மாதி, அவ வுட்டுக்குடுக்கலடி” என்றாள்.

“என்ன சொல்ற?”

“அன்னிக்குக் குழாயாண்ட என் கையப் புடிச்சிக்கிட்டா. ‘ராணி, எங்க வூட்டுல முடிவே பண்ணிட்டாங்க. நான் எப்படியாவது போவணும்டி. இன்னிக்கு ஒருநாளு பூவக் கேளு’ன்னா. நானும் சரின்னு சொல்லிட்டன். நீங்க வந்து நின்னதும், பலாச்சுளன்னு காதுல வுழுந்துச்சு பாரு, என் வாயி என் பேச்சக் கேக்கலடி. பூவுன்னுதான் சொல்லப் போனன். ஏழு வருசப் பழக்கம் சொல்லிடுச்சு.”

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். “உன்னத் திட்டலியா அவ?” என்று கேட்டேன்.

“ஒரு வாரம் மூஞ்சியே குடுக்கல. அப்பறம் சந்தையில முழுப் பலாப்பழம் ஒண்ணு வாங்கியாந்து எம்முன்னால வெச்சு, ‘தின்னுடி, ஒரு சுள மிஞ்சாமத் தின்னு’ன்னா. பாதி தின்னதும் ரெண்டு பேரும் சிரிச்சிட்டம். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. ‘மாதிக்குத் தெரிஞ்சா அங்க இருக்க மாட்டா, பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பா’ன்னா.”

பஸ்ஸில் தருமபுரி வரும்வரை எனக்குக் கோபம்தான். உத்தியில் திருட்டுத்தனம் பண்ணினால் உண்ட சோறு ஒட்டாது என்று சொன்ன வாயா இது? தின்கிற பெயரை நீ எடுத்துக்கொண்டால் நான் சண்டைக்கு வருவேன் என்று தெரிந்து, அதை எனக்குக் கொடுப்பதுபோல் கொடுத்து, பின்னால் செல்வராணியைச் சரிக்கட்டி... அடேயப்பா! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே லூர்து? கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா? அதுவும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லையோ?

தொப்பூர் தாண்டினால் சேலம், இந்தப் பக்கம் போனால் ஓசூர் என்று கண்டக்டர் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அந்த ஷூ நினைவுக்கு வந்தது. அந்தச் சாக்பீஸ் உனக்காகத் தேய்த்ததடி. ஓசூர் மைதானத்தில் நீ நிற்கத் தேய்த்தது. அதைக் கழற்றி என் காலில் மாட்டும்போது உனக்கு என்னவெல்லாம் இருந்திருக்கும்! லேஸ் கட்டி முடித்து நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டுதானே இருந்தாய். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

இத்தனை வருஷம் உன்னை மாதா சுரூபம்போல் உயரத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இறக்கிவிட்டேன். எனக்கு எவ்வளவு ஆசை இருந்ததோ அவ்வளவு ஆசை உனக்கும் இருந்தது. அது கிடைக்காமல் போனபிறகும், நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கோழி அடித்தாய், என் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாய், ஒரு சுடுசொல் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால்கூட உன்னை இவ்வளவு பிடித்திருக்காது. கடைசிவரை நாம் சமம்தானடி.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி எவரிடமும் உன்னைத் தியாகி என்று சொல்ல மாட்டேன். ஓசூருக்கு வர ஆசைப்பட்டவள் என்றுதான் சொல்வேன். நானும் அங்கே வருகிற நாளில், உன்னோடு ஜோடி போட மாட்டேன். ஜோடி போட்டால் மறுபடியும் வலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாய். நீ முன்னாலேயே ஒரு பக்கம் இடம் பிடித்து நில். நான் பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிற யாரையாவது தோளில் கை போட்டுக் கூட்டி வருகிறேன். உன் கேப்டன் காதில் என் பெயர் ரோஜாப்பூ என்று சொல்லிவை. கள்ள உத்தி என்று வானமே கத்தினாலும் பரவாயில்லை.

செல்வராணியை மட்டும் கேப்டனாகப் போட்டுவிடாதே.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் உத்தி ஜோடி,
மாதி