விண்கப்பல் டாக்டரின் அக்கா

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நான் நலம், நீயும் அங்கே யாரையாவது வம்புக்கிழுத்துக்கொண்டு நலமாகத்தான் இருப்பாய். கதை வெளியே கசிந்துவிடும் என்று படப்பிடிப்புத் தளத்தின் வாசலிலேயே போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது பார், உங்கள் படக் கம்பெனி வண்டிக்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. என் வார்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். இதய வால்வு சுருங்கிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாற்றினால் பல வருஷம் ஓடுவார். மாற்றாவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்டுவதே சந்தேகம். மாட்டுத் திசுவில் செய்த வால்வு என்று தெரிந்ததும் மனுஷன் முறுக்கிக்கொண்டார். "இன்னொரு உயிரோட துண்டை உள்ள வெச்சுட்டா, அப்புறம் நான் நானா இருப்பேனா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

எனக்கு ஜலதோஷம் வேறு. முகமூடியோடு, கட்டின தொண்டையோடு, தினமும் போய்ப் படம் வரைந்து விளக்கினேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது சரிதான். இன்று ஜலதோஷம் விட்டது, அம்மியும் நகர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்! தொழிலில் இதைவிட என்ன சந்தோஷம் இருக்கிறது, சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 5

என்னைவிட ஒரு மூச்சு முன்னால் பிறந்துவிட்டு ஆயுள் முழுக்க அக்கா பட்டம் அனுபவிப்பவளுக்கு,

அம்மிக்கு என் அனுதாபங்கள். நீ தினமும் வந்து பாடம் நடத்தினால் யார்தான் சம்மதிக்க மாட்டார்கள், தொல்லை தாங்காமலாவது!

இங்கே நான் செத்துவிட்டேன். பதறாதே. என் விண்கப்பல் டாக்டர் இறந்துபோகிறாள். அவளுடைய நினைவுகளை ஊற்றி ஒரு நகலைச் செய்துவிடுகிறார்கள். கப்பலில் யாருக்கும் தெரியாது. இனிமேல் நான் அந்த நகல். கப்பலின் இயந்திரக்காரருக்கு அறுவை செய்ய வேண்டும். அவரோ பழைய டாக்டரைத் தவிர யாரையும் கிட்டே விடமாட்டார். நகல் சிரித்தபடி "நான்தானே" என்று சொல்லி ஊசியைப் போட்டுவிடும். வருகிற புதன்கிழமை எடுத்து, அந்தச் சனிக்கிழமையே ஒளிபரப்பு. ஊசி பிடிக்கத் தெரியவில்லை என்று இயக்குநர் திட்டுகிறார். நான் உன் தங்கை என்று வெளியே சொல்லிவிடாதே.

மூன்று வருஷமாக ஓடும் தொடர். ஒரு வாரமாவது பார்த்தாயா நீ? ஊரே பார்க்கிறது. இரட்டையாகக் கூடப் பிறந்தவளுக்குத்தான் நேரமில்லை.

உன்
வாலு

மார்ச் 7

அன்புள்ள வாலுவுக்கு,

அனுதாபத்தை எனக்குக் கொடு. அம்மி நகரவே இல்லை.

டிரைவரின் மகள் இன்று வந்தாள். "அப்பா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டார். டிவி டாக்டரே எனக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்கன்னு" என்று சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையெழுத்துப் போட்ட நாள்தான் நான் முகமூடியைக் கழற்றிய நாள். அவர் பக்கம் திரும்பினால், பெருமையோடு சொல்கிறார்: "கப்பல்ல அந்தப் பொண்ணோட இதயத்தையே கழட்டி மாட்டினீங்களே. எனக்கு வெறும் வால்வுதானே."

நான் வரைந்த படம், சொன்ன விளக்கம் எதுவும் அவருக்குள் போகவில்லை. உன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். மறைக்காமல் சொல்கிறேன், கழிவறையில் போய் நின்று அழுதேன். இத்தனை வருஷம் படித்த என்னைவிட, ஊசி பிடிக்கத் தெரியாத நீ பெரிய டாக்டராகிவிட்டாய்.

எங்கள் துறைத் தலைவரிடம் சொன்னேன். "நீங்க பொய் சொல்லலையேம்மா. அவரா நினைச்சுக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? கையெழுத்து கையெழுத்துதான்" என்றார். சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நெஞ்சைத் திறக்க அவர் அனுமதி கொடுத்தது எனக்கு இல்லை. திங்கட்கிழமை காலையில் சொல்லிவிடப் போகிறேன்.

அக்கா

மார்ச் 8

அக்கா,

சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதே.

முகம் ஒன்றுதானே, அவர் யாரை நினைத்தால் என்ன? அறுப்பது உன் கை. பிழைப்பது அவர் உயிர். தையல் பிரித்து, நன்றாக நடந்து, சாப்பிட்டுத் தெம்பான பிறகு உட்கார வைத்துச் சொல். சேர்ந்து சிரிப்பீர்கள். இப்போது சொன்னால் மறுத்துவிடுவார். சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாம் நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்காக ஒரு மனுஷரைப் பலி கொடுக்காதே.

வாலு

மார்ச் 9

வாலு,

நீ எழுதியது மதியம் வந்தது. நான் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"அப்போ டிவில வர்ற அம்மா யாரு?" என்றார்.

"என் தங்கச்சி. நடிகை."

"அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணத் தெரியாதா?"

"காய் நறுக்கினாலே விரலை வெட்டிக்குவா, ஐயா."

அவர் சிரிக்கவில்லை. பிறகு, "அந்தக் கையெழுத்து செல்லாதுன்னு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். நுரையீரலில் தேங்கிய நீர் வடிய மருந்து ஏறுகிறது. அதற்காக இன்னும் சில நாள் இங்கே இருப்பார். அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் இறந்துபோனால் என் நேர்மைதான் கொன்றது என்று நீ சொல்லலாம். மறுக்கமாட்டேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் அவர் மேல் கத்தி வைத்திருக்க என்னால் முடியாது.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், வேலை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று அந்தக் காட்சி. வெள்ளைக் கோட்டு, கையில் ஊசி, படுக்கையில் இயந்திரக்காரராக நடிப்பவர். "நான்தானே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆறு முறை எடுத்தார்கள், வாயில் வரவே இல்லை. உன் டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததுதான் கண்ணில் நின்றது. கடைசியில், "இவ உண்மையைச் சொல்லட்டும் சார்" என்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இயக்குநர் தாடியைத் தடவிவிட்டு, "சொல்லட்டும். ஆனா நோயாளி சரின்னுட்டா கதை அங்கயே முடிஞ்சுடும். வேண்டாம்னு சொல்லட்டும், இன்னும் நாலு வாரம் ஓட்டலாம்" என்றார். அப்படியே எடுத்தோம். நான் நடித்ததிலேயே அதுதான் உருப்படியானது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அறைக்கு வந்து பவுடரைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை உன் வார்டிலும் இதைப் பார்ப்பார்கள்! அவர் கண்ணெதிரே ஒருவன் வேண்டாம் என்று சொல்லப் போகிறான். நல்லது செய்வதாக நினைத்து நானே அவர் மறுப்பை உறுதிப்படுத்திவிட்டேன். டிவி ஒயரைப் பிடுங்கு. எலி கடித்தது என்று சொல். உன்னைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று தெரிகிறது, இந்த ஒரு முறை சொல்.

வாலு

மார்ச் 22

என் அருமை வாலுவுக்கு,

கம்பெனி வண்டி வழியில் படுத்துவிட்டதாம். உன் கடிதம் திங்கட்கிழமைதான் கிடைத்தது. எலிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. சனிக்கிழமை வார்டே பார்த்தது. நானும் வாசலில் நின்று பார்த்தேன். முதல் முறையாக.

"நான் அவங்க இல்ல. அவங்க ஞாபகம் எல்லாம் எங்கிட்ட இருக்கு. ஆனா உங்களைத் தொடப்போறது என் கை. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்று நீ சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நன்றாக நடிப்பாய் என்று தெரியாமல் மூன்று வருஷம் இருந்திருக்கிறேன். இயந்திரக்காரர் "வேண்டாம்" என்றார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார்.

"அந்த ஆளு வேண்டாம்னுட்டான், பாத்தீங்களா?"

"பாத்தேன், ஐயா."

"அவனுக்கென்ன. கதை எழுதறவங்க நாலு வாரம் கழிச்சு எப்படியாவது பொழைக்க வெச்சுடுவாங்க. எனக்கு யாரு எழுதப்போறா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவன் வேற, நான் வேற. அந்தப் படத்தை மறுபடி வரைங்க. அன்னிக்கு நான் காதுல வாங்கல. இன்னிக்குக் கேக்கறேன்."

முதலிலிருந்து சொன்னேன். குறுக்குக் கேள்வி கேட்டே என்னைத் திணறடித்தார். வால்வு எத்தனை வருஷம் வரும், உள்ளே மாட்டியது தெரியுமா, உங்க கையில யாராவது செத்திருக்காங்களா என்றார். "செத்திருக்காங்க" என்றேன். தலையை ஆட்டினார். மகளைக் கூப்பிட்டு மூக்குக்கண்ணாடி வாங்கி, சம்மதப் படிவத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. புது வால்வு சமர்த்தாக வேலை செய்கிறது. வாலு, அன்றைக்கு நீ "நான்தானே" என்று சொல்லாமல் நின்றாயே, அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எப்போது விடுமுறை கொடுப்பார்கள்?

இன்று காலை குழாய்களை எல்லாம் எடுத்த பிறகு அவர் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அதில்ல டாக்டரம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி உங்களைவிடக் கொஞ்சம் அழகு" என்றார்.

இப்படிக்கு,
அழகில் ஒரு மாற்றுக் குறைந்த,
மிகவும் சந்தோஷமாக இருக்கும்
உன் அக்கா